தலைவராக என்ன யோக்கியதை வேண்டும்?

(சிறப்புக் கல்வி ஆசிரியப் பயிற்சி பெறுவோர் கூட்டத்தில் பேசியது)



உடலிலோ, புலனிலோ, அறிவு வளர்ச்சியிலோ குறையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பயிற்சி பெறுகிறீர்கள். உங்களில் சிலர் நாளைக்கு அந்தப் பள்ளிகளை நடத்தும் தலைமை உத்தியோகத்துக்கும் வருவீர்கள். அதற்கு எப்படித் தயாராவது என்று பேசும்படி நம்மைக் கேட்டார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. ஆதலால் நடந்த காரியம் ஒன்றைச் சொல்லுகிறோம். அதையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் அறிவைக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் கேலடெட் என்று காது கேளாதவர்களுக்கென்றே ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. 1864-ல் அது பட்டம் கொடுக்கும் உரிமை பெற்றது. அது முதல் 124 வருஷ காலம் அதற்குத் தலைவராக இருந்தவர்கள் அத்தனை பேரும் காது கேட்பவர்களே! 1988 மார்ச்சில் அந்த வேலைக்குக் கடைசியாகப் பொறுக்கப்பட்ட மூவரில் இருவர் காது கேளாதவர்கள். நிர்வாக சபையாரோ மூன்றாமவரான, காது கேட்கும் ஓர் அம்மையாரையே நியமித்தார்கள். அவருக்கு மாணவர்களின் சைகை மொழியே தெரியாது. பிள்ளைகளின் பாஷை தெரியாதவர் அவர்களுக்குத் தலைவர் என்றால் இதைவிட வேடிக்கை வேறு உண்டா?

மாணவர்கள் வாசலை அடைத்துக் கிளர்ச்சி செய்தார்கள். ஒரே வாரத்தில் அம்மையார் விலகினார். சபைத் தலைவரும் விலகினார். சபையில் காது கேளாதவரே பெரும்பான்மையாயிருப்பது என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 21 வயதில் விபத்தில் காது கேளாமற்போன ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார்.

‘தகுதியான ஆள் இல்லை’ என்பது இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். கதவைச் சாத்தியே வைத்திருந்தால் ஆள் எங்கிருந்து வரும்? ஆனால் ஜோர்டன் காது கேளாதவர் என்பதற்காக மட்டும் தலைவராகிவிடவில்லை. மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகி, டீனாகவும் இருந்தவர் அவர்.

ஆகவே உங்களுக்கு என்ன வேண்டும்? முதலில் வகுப்பில் சில வருஷ அனுபவம் வேண்டும். அடுத்தது சட்ட அறிவு. அந்த அமெரிக்காவிலேயே 1975-ல் வந்த சட்டப்படி, குறையுள்ள எந்தப் பிள்ளையையும் பொதுப் பள்ளி தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதவேண்டும். அதைப் பெற்றோர் எதிர்த்து வழக்காடலாம். இது தெரியாத நிர்வாகி, வந்த பிள்ளையை வாசலோடு அனுப்பிவிடுவான். மூன்றாவது வரவு செலவுக் கணக்கு. எந்தச் செலவை வெட்டினால் எந்தப் பிள்ளை வீட்டோடு நின்றுவிடும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றோடு மனதும் தெளிய வேண்டும். ஊனம் முன்ஜென்மப் பாவம் என்று நம்புகிறவன் பள்ளியில் சாய்தளம் கட்டுவானா? இரக்கப்படுகிறவன் கட்டினாலும் தர்மம் செய்ததாகத்தான் நினைப்பான். அது பிள்ளையின் உரிமை என்று உணர்ந்தவனே ஒழுங்காகக் கட்டுவான்.

நீங்கள் அந்த நாற்காலியை விட்டு இறங்கும்போது, அதில் உட்காரத் தகுதியுள்ள காது கேளாதவரையோ கண் தெரியாதவரையோ ஆளாக்கி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.