அளவுச் சீட்டும் உடலும்

(திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் கட்சித் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

உடை அரசியல் இந்நகருக்குப் புதிதன்று. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட பிரகடனம், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள இசைவளித்தது. குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்டிரைப் போல் மட்டும் அணியலாகாது. பல பத்தாண்டுப் போராட்டத்திற்குப் பின் கிடைத்த உரிமையிலும் இப்படி ஒரு முடிச்சு இருந்தது. தென் திருவிதாங்கூரின் சந்தைகளில் மேலாடை கிழிக்கப்பட்ட அப்பெண்களின் வரலாற்றை ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016 இறுதியில் சுற்றறிக்கை விடுத்ததையும் தோழர்கள் அறிவர்.

இன்று சாலைக் கடைத்தெருவில் எவரும் எவருடைய ஆடையையும் கிழிப்பதில்லை. சாதிக் கொடுமையையும் அளவுச் சீட்டையும் ஒரே தட்டில் வைப்பது அப்போராட்டத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும் எந்த உடல் எதை உடுத்தலாம் என்று உடுத்துபவரல்லாத ஒருவர் தீர்மானிக்கும் நிலை நீடிக்கிறது. அன்று அரண்மனை தீர்மானித்தது. இன்று சந்தை தீர்மானிக்கிறது.

அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு 1939 முதல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து, 1941-இல் முடிவுகளை வெளியிட்டது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. 1958-இல் அங்கு வகுக்கப்பட்ட தர அளவு இந்த ஆய்வை அடியொற்றியதே. இந்திய உடல்களுக்கென்று சொந்த அளவு அட்டவணை இல்லாத நிலையில், இங்குள்ள ஆயத்த ஆடை நிறுவனங்கள் அமெரிக்க, ஐரோப்பிய அளவுகளையே திருத்திப் பயன்படுத்தி வந்தன. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை ஆறு நகரங்களில் அளக்கும் திட்டத்தைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியதற்குக் காரணமும் இக்குறைதான். சுதந்திரம் பெற்று எழுபதாண்டுகள் கழிந்த பின்னரே இதைச் செய்யத் தோன்றியது!

பழைய தையற்காரர் உடலை அளந்து துணியை வெட்டினார். ஆலையோ துணியை முதலில் வெட்டிவிட்டு, அதற்கேற்ற உடலைத் தேடுகிறது. மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வீச்சில் வெட்டும்போது, ஒவ்வொரு கூடுதல் அளவுக்கும் தனி வார்ப்புரு தேவை. விற்காமல் தங்கும் அளவு முடங்கிய மூலதனம். பெரிய உடலுக்கான ஆடை, சிறிய ஆடையைச் சீராக விரித்தால் கிடைத்துவிடுவதன்று. தோள், அக்குள், மார்பு ஆகியவற்றின் விகிதமே மாறும். அந்த உழைப்பைச் செலவென்று கருதும் நிறுவனம் அளவுப் பட்டியலைச் சுருக்குகிறது. கடையில் ஆடை கிடைக்காத பெண்ணோ, குற்றம் தன் உடலினுடையது என்று எண்ணித் திரும்புகிறாள். இலாபக் கணக்கு இவ்வாறு தனிமனித வெட்கமாக உருமாறுகிறது.

இணையம் இந்த வெட்கத்தைப் பெருக்கியது. தங்கள் உடலைக் குறித்து மனம் வருந்திய பதின்பருவப் பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மேலும் கூட்டியதாகக் கூறினர். இது பேஸ்புக் நிறுவனத்தின் சொந்த ஆய்வு. 2021-இல் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் வழியாகவே உலகம் அதை அறிந்தது. அதே இணையத்தில், பருத்த உடலினர் தாம் உடுத்திய ஆடையைத் தாமே காட்டி, எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒருவருக்கொருவர் உதவுவதும் நடக்கிறது. இதை வெறும் நுகர்வு மோகம் என்று தள்ளிவிடுதல் தவறு. எனினும் ‘எல்லா உடலும் அழகே’ என்ற முழக்கத்தை விளம்பரமாக்கும் நிறுவனம், திருப்பூரில் துண்டுக்கூலிக்குத் தைக்கும் பெண்ணின் முதுகுவலியைப் பற்றிப் பேசுமா?

விற்கும் பெண்ணின் உடலும் உடல்தான். நாள் முழுதும் நின்றே விற்ற துணிக்கடைப் பெண்கள், கோழிக்கோட்டிலும் திருச்சூரிலும் உட்காரும் உரிமைக்காகப் போராடினர். கேரளம் 2018-இல் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது.

நீதிமன்றமும் அசைந்துள்ளது. பெண்ணின் உடலமைப்பைக் குறித்த பேச்சு பாலியல் துன்புறுத்தலாகலாம் என்று கூறி, அத்தகைய வழக்கொன்றை இரத்துசெய்யக் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னையில், தமது எடை குறித்துக் கேள்வி எழுப்பியவரை நடிகை கௌரி கிஷன் செய்தியாளர் சந்திப்பிலேயே நேருக்கு நேர் கண்டித்தார்.

சொந்த வீட்டையும் பார்க்க வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் உயரத்தைச் சுட்டிய சொல், 2025 அக்டோபரில் இந்நகரின் சட்டமன்றத்திலேயே, இடது முன்னணி ஆட்சியில், சர்ச்சைக்குள்ளானது. சொன்னவர் எத்தரப்பு என்பதைக் கொண்டு அச்சொல்லை எடைபோடலாகாது. எதிரியின் தொந்தியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் மேடைப் பழக்கம் இடதுசாரிகளிடமும் உண்டு. முதலாளியைக் கேலிச்சித்திரத்தில் பருத்தவனாகவே வரைந்து பழகிய கைகளுக்கு இது எளிதில் உறைக்காது.

துணிக்கடைகளில் பணிபுரியும் பெண் தோழர்கள் சிலர் இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்துப் பேச வேண்டியவர்கள் அவர்களே.