சாதியைக் கேளுங்கள், ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லுங்கள்

(வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் அமைப்புகளின் இளம் தன்னார்வலர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பெண் உங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுப்பீர்கள். நான் அந்தப் படிவத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆய்வுக்காக அப்படிப்பட்ட படிவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர், வயது, கணவர் பெயர், எத்தனை குழந்தைகள், என்ன மாதிரியான வன்முறை, எவ்வளவு காலமாக. சாதி என்ற கட்டம் பெரும்பாலும் இருக்காது. ஏன் என்று கேட்டால், "நாங்க சாதி பார்க்கிறதில்ல தோழர்" என்று பெருமையோடு சொல்வார்கள்.

சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கேட்காமல் விடுவதால் யாருக்கு லாபம்? அவளை அடித்தவனுக்கு அவள் சாதி தெரியும். ஊருக்குத் தெரியும். தெருப் பெயரைச் சொன்ன உடனே எஸ்.ஐ.க்குத் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது, அவளுக்கு உதவ வந்த நாம் மட்டும்.

இது புதிய பழக்கம் இல்லை. 1992-இல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு உள்ளானார். அவர் மண்பாண்டம் செய்யும் குமார் சாதியைச் சேர்ந்தவர். அந்தக் கொடுமையைத் தொட்டுத்தான் 1997-இல் விசாகா தீர்ப்பு வந்தது. தீர்ப்பில் அவர் வெறும் ஒரு சமூக சேவகி. சாதி பற்றிப் பேச்சே கிடையாது. பணியிடத்தில் பெண்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறதோ, அது அவரால் வந்தது. அவர் எதனால் தாக்கப்பட்டாரோ, அதில் பாதி தீர்ப்புக்கு வெளியே நின்றுவிட்டது.

இன்னொரு வழக்கு. ஆந்திராவில் 2011-இல் பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பட்டியல் சாதிப் பெண் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டார். குற்றவாளி அவருடைய சகோதரர்களுக்குப் பழக்கமானவன். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வல்லுறவுக் குற்றத்தோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(வி) பிரிவிலும் அவனைத் தண்டித்தன. 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு, ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. வன்கொடுமைப் பிரிவை மட்டும் நீக்கியது. சாதியும் பாலினமும் உடற்குறைபாடும் ஒரே பெண்ணின் மேல் சேர்ந்து எப்படி அழுத்துகின்றன என்று அந்தத் தீர்ப்பு பல பக்கங்களில் பேசுகிறது. அதன் பிறகும், சாதியின் காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்பதற்கு அரசுத் தரப்பு தனியாக எந்தச் சாட்சியமும் வைக்கவில்லை என்று சொல்லி அந்தப் பிரிவைக் கைவிட்டது. புரிதல் இருந்தது, கோப்பில் காகிதம் இல்லை.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சாதியின் காரணமாகச் செய்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று தெரிந்தே செய்தான் என்பது போதும். அவளையோ குடும்பத்தையோ அவனுக்கு நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். பிரிவு 8(சி). மறுத்து நிரூபிப்பது அவன் பாடு.

அப்படியானால் முதல் புகாரிலேயே என்ன இருக்க வேண்டும்? "எங்கப்பா அவங்க வயல்ல வேலை பார்த்தார்", "அவன் எங்க தெருவுக்கு வட்டிப் பணம் வசூலிக்க வருவான்", "நானும் அவனும் ஒரே ஸ்கூல்." இந்த மாதிரி சாதாரண வாக்கியங்கள். பல நேரம் அந்தப் புகாரை எழுதித் தருவது உங்களில் ஒருவர்தான்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலும் இது உண்டு. காதலித்துக் கல்யாணம் செய்த தலித் பெண். மாமியார் தனித் தட்டு வைத்திருக்கிறார், பூஜை அறைக்குள் விடுவதில்லை, கோபம் வந்தால் சாதிப் பெயர். படிவத்தில் இது "மாமியார்-மருமகள் தகராறு" என்று பதிவாகும். கவுன்சலிங்கில் அனுசரித்துப் போகச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, சாதிப் பெயர் சொல்லித் திட்டியபோது வெளியாட்கள் யார் இருந்தார்கள், யார் காதில் விழுந்தது என்பது. நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் கேட்காத வசவு அந்த இழிவுபடுத்தும் பிரிவில் நிற்காது. அதற்காக அந்த வசவை விட்டுவிட வேண்டியதில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அது மன ரீதியான வன்முறை. பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கும் மனுவில் தட்டைப் பற்றியும் எழுதுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதுதான் கடினம். இந்தக் கேள்வியை அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பாள், வீடு வாடகைக்குக் கேட்ட இடத்தில், பள்ளியில், டீக்கடையில். கேட்டவர்கள் எதற்குக் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் காரணத்தை முதலில் சொல்லுங்கள்: "அக்கா, இதை எதுக்குக் கேக்குறேன்னா, நீங்க எஸ்.சி., எஸ்.டி.யா இருந்தா உங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கு, நிவாரணம் இருக்கு. சொல்ல விருப்பமில்லைன்னா சொல்ல வேண்டாம்." ஹாலில் நாலு பேர் நடுவே கேட்காதீர்கள். கூட வந்தவர் அண்ணனாக இருந்தாலும் வெளியே உட்காரச் சொல்லுங்கள். இன்னொன்று, சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன்: உங்கள் அமைப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் யார், காப்பகத்தில் கழிவறை கழுவுகிறவர் யார் என்று பாருங்கள். அதை அவள் உங்களுக்கு முன்பே பார்த்திருப்பாள்.

காவல் நிலையத்தில் "பி.சி.ஆர். எல்லாம் எதுக்கும்மா, பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். 18ஏ பிரிவுப்படி எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை. சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் பதிவோம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. உடுத்திய துணியோடு வெளியேறிய பெண்ணிடம் சான்றிதழ் எப்படி இருக்கும்? விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையக் கூடாது, 60 நாளில் குற்றப்பத்திரிகை. வல்லுறவுக்கு மத்திய விதிகளின்படி 5 லட்சம் ரூபாய் நிவாரணம். மருத்துவ அறிக்கை உறுதி செய்ததும் பாதி தர வேண்டும், தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஜாமீன் மனு வந்தால் 15ஏ பிரிவின்படி அவளுக்குத் தகவல் தர வேண்டும், அவள் தரப்பைக் கேட்க வேண்டும். இது பல இடங்களில் நடப்பதில்லை. எழுத்தில் கேட்டால்தான் நடக்கும்.

கிறித்தவத்துக்கு மாறிய தலித் பெண்ணுக்கு இந்தச் சட்டம் கிடையாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அவர் பட்டியல் சாதி இல்லை. ஊர் அவரைச் சேரிக்காரி என்றே அழைக்கும், அரசு அவரை வேறு பட்டியலில் வைக்கும். அவரிடம் நிவாரணம் உண்டு என்று முதல் நாளே ஆசை காட்டிவிடாதீர்கள்.

ஆதிக்கச் சாதிப் பெண் தலித் இளைஞரைத் திருமணம் செய்து உங்களிடம் வந்தால், அவளுக்கு ஆபத்து வருவது பெற்ற வீட்டிலிருந்து. இங்கேதான் நம் வழக்கமான கவுன்சலிங் கொல்லும். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிடும்மா" என்று போனைக் கையில் கொடுக்காதீர்கள். எங்கே தங்க வைத்திருக்கிறீர்கள் என்று "சொந்தக்காரங்க" கேட்டால் சொல்லாதீர்கள், அழுதுகொண்டு கேட்டாலும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக 5 நாள்தான் தங்க முடியும். ஆறாவது நாள் எங்கே என்பதை முதல் நாளே யோசியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கும்படி சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள், பதிலைக் கோப்பில் வையுங்கள். பெற்ற வீட்டார் மீதும் குடும்ப வன்முறைச் சட்டம் பாயும். பலருக்கும் இது தெரியாது.

வழக்கு பதிவான பிறகு ஊர் என்ன செய்யும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவள் வீட்டில் எத்தனை பேர் எதிராளிகளின் வயலில் கூலிக்குப் போகிறார்கள்? ரேஷன் கடை, பால், தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில்? வேலை தராமல் ஒதுக்கி வைப்பதும் அதே சட்டத்தில் தனிக் குற்றம். ஆனால் வழக்கை விட்டுவிடலாம் என்று அவள் நினைப்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் இல்லை, கூலி நின்ற இரண்டாவது வாரத்தில். பயமுறுத்தல் எப்போது, யார், என்ன சொன்னார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் வாரம் ஒருமுறை போனில் கேட்டு எழுதுங்கள்.

விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் செலவு, அன்றைய கூலி, இவற்றை விதி 11-இன்படி அவளும் சாட்சிகளும் கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி, ஒரு கவரையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.