பாலையும் பேரருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் நாங்கள் இருவரும் சென்றுவந்த கூடாரப் பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். சிங்கத்தையும் யானையையும் பற்றியே பேசுவோம் என நீங்கள் எதிர்பார்க்கக்கூடும். அவற்றையும் கண்டோம். ஆயினும் எங்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது தண்ணீரேயாகும்.

கேப் டவுன் நகரில் புறப்பட்டு, நமீபியா, போட்சுவானா நாடுகளைக் கடந்து, சிம்பாப்வே எல்லையிலுள்ள விக்டோரியா அருவியை அடைவது எங்கள் வழி; இருபது நாட்கள், ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர். லாரியின் அடிச்சட்டத்தின்மேல் இருக்கைகள் பொருத்திய வண்டியொன்றில் பதினெண்மர் அமர்ந்தோம். நாடுகள் பல, தாய்மொழிகளும் பல. கூடாரத்தை அவரவரே அடித்து, விடியுமுன் அவரவரே சுருட்ட வேண்டும். காய் நறுக்குதல், பாத்திரம் கழுவுதல், வண்டி பெருக்குதல் யாவும் முறைவைத்து நடந்தன. கழுவிய தட்டைத் துணியால் துடைப்பதில்லை. துணிவழியே நோய் பரவுமாதலின், கைகளில் ஏந்திக் காற்றில் வீசியே உலர்த்துவர். முதல் நாள் அதனைக் கண்டு நகைத்தவர்களும் மூன்றாம் நாள் முனைந்து வீசினார்கள்.

நமீபுப் பாலையின் வாயிலில் செஸ்ரீம் என்றோர் இடம் உண்டு. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு 'ஆறு வார்' என்பது பொருள். வண்டியெருதுகளின் தோல்வார்கள் ஆறினை முடிந்து வாளியை இறக்கினால்தான் பள்ளத்தாக்கின் அடியிலிருந்த நீர் எட்டுமாம். அதற்கப்பால், செம்மணற் குன்றுகள் ஆற்றை மறித்துவிட்டமையால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பட்டுப்போன மரங்கள், உளுத்து வீழவும் ஈரமின்றிக் கரிய எலும்புகளாய் இன்றும் நிற்கின்றன.

பின்னர் சுவாகோப்முண்டு நகரைக் கடந்து, ஸ்பிட்ஸ்கோப்பே என்னும் பாறைமலையின் அடியில் தங்கினோம். கூடாரமடித்த இடத்தில் குழாய் இல்லை. வண்டியில் கொணர்ந்த நீரே பதினெண்மர்க்கும். இரவில் எங்களுள் ஒருவர் எவரையும் கேளாமல் ஒரு கேன் நீரைக் குளிக்கச் செலவிட்டார். காலையில் வழிகாட்டி எஞ்சியதை அளந்தார். குடிக்க உண்டு, சமைக்கப் போதாது. சினந்தோர் பலர், ஒருவர் கடுஞ்சொல்லும் கூறிவிட்டார். வழிகாட்டியோ எவரையும் கடியாமல், எல்லோர் புட்டிகளையும் வரிசையாக வைத்து, குளித்தவரையே அழைத்து நீரைப் பங்கிடச் செய்தார். அவர் தம் புட்டியை இறுதியில் வைத்தார். அது பாதியே நிறைந்தது. கடுஞ்சொல் கூறியவர் எழுந்து தம் புட்டியிலிருந்து சிறிது ஊற்றினார். அன்று அடுப்பு மூட்டாமல் ரொட்டியும் பழமும் உண்டு புறப்பட்டோம். அதன்பின் தண்ணீரைப் பற்றி எவர்க்கும் எவரும் நினைவூட்ட நேரவில்லை.

1907ஆம் ஆண்டிலேயே காப்பிடமாக அறிவிக்கப்பட்ட எட்டோஷாவில், ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உப்புவெளி ஒன்று வெண்மையாய்க் கிடக்கிறது. அதன் ஓரங்களிலுள்ள நீர்நிலைகளையே விலங்குகள் வறண்ட காலத்தில் நம்பி வாழ்கின்றன. ஒக்காவுக்குவேயோ முகாமின் சுவருக்கு இப்பால் அமர்ந்து, விளக்கொளியில் ஓரிரவு பார்த்திருந்தோம். யானைகள் பருகி அகலும்வரை காண்டாமிருகம் விலகி நின்றது.

ஒக்கவாங்கோவின் கதை இன்னும் வியப்பானது. அங்கோலா நாட்டு மேட்டுநிலங்களில் பெய்யும் மழை மாதக்கணக்கில் ஊர்ந்து, போட்சுவானாவில் வானம் வறண்டிருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் வெள்ளமாக வந்து பரவுகிறது. கடலைக் காணாமலே மணலிலும் வெயிலிலும் அடங்கிவிடுகிறது. மொகோரோ என்னும் ஓடத்தில், கோல் ஊன்றுவோரின் துணையுடன், நாணற்புதர்களிடையே அந்நீரில் சென்றோம். மேலேயுள்ளோர் மிகுதியாக எடுத்துக்கொண்டால் கீழேயுள்ளோர்க்கு வெள்ளமேது? அதனாலன்றோ அங்கோலா, நமீபியா, போட்சுவானா ஆகிய மூன்று நாடுகளும் 1994ஆம் ஆண்டில் ஒன்றுகூடி அவ்வாற்றுக்கென ஓர் ஆணையம் அமைத்தன! 2014ஆம் ஆண்டில் அக்கழிமுகம் உலக மரபுச்சின்னப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது.

இறுதியாகச் சாம்பெசி ஆறு 1,708 மீட்டர் அகலத்தில், 108 மீட்டர் ஆழத்தில் வீழும் பேரருவி. அந்நாட்டு மக்கள் இட்ட பெயர் 'மோசி-ஓவா-துன்யா', அதாவது 'முழங்கும் புகை'. சாரலில் நனைந்து எல்லோரும் குழந்தைகள்போல் ஆர்ப்பரித்தனர். ஸ்பிட்ஸ்கோப்பேயில் குளித்தவரோ தம் புட்டியைக் கையிற் பிடித்தவாறே பேசாது நின்றார். அவர் எண்ணியது எதுவென்று நாங்கள் கேட்கவில்லை.

அன்பர்களே! நம் குடியிருப்பிலும் மாடித் தொட்டி ஒன்று, குழாய்களோ பல. பிழைப்பை நாடிப் பல ஊர்களிலிருந்து வந்து ஒரே முற்றத்தில் வாழ்கின்றோம். கோடையில் தண்ணீர் லாரி வரும் நாளில் பூசல் எழுவதையும் அறிவோம். பொதுநீரை இறைத்தவரை ஒதுக்குவது எளிது. அவர் கையிலேயே பங்கிடும் அகப்பையைக் கொடுப்பது அரிது. அரியதைச் செய்த ஒரு வழிகாட்டியை நாங்கள் கண்டோம். வரும் கோடையில் அதனை நாமும் செய்து பார்ப்போமாக.