வாக்கு எண்ணிய பின் நம் சங்கங்கள்



பொதுத் தேர்தலின் முடிவு வெளியானதும், அயல் மாநில நகரங்களில் வாழும் நம்மவருள் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது ஒதுங்கிச் செல்வதைக் காண்கின்றோம். வென்ற அணிக்கு வேண்டியவர், தோற்ற அணிக்கு வேண்டியவர் என்று பிரிந்து, பொங்கல் விழாவுக்கு நன்கொடை கேட்கவும் கூசுகின்றனர். சொந்த ஊரில் இத்தகைய பிணக்கைத் தீர்த்துவைக்க உற்றாரும் உறவினரும் உண்டு. அயலூரிலோ, நோய் என்றால் ஓடி வருவோரும் இறுதிக் காலத்தில் தோள் கொடுக்கும் நாலு பேரும் பெரும்பாலும் சங்கத்து அன்பர்களே. ஆதலின் இப்பிணக்கைச் சிறிதென்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

2024ஆம் ஆண்டு நடந்த மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஓர் அணி வென்றது. தில்லியின் 7 தொகுதிகளையும் அதன் எதிரணி வென்றது. இவ்வளவு மட்டும் அறிந்தவர், தமிழர் அனைவரும் ஒரு பக்கம், தில்லி மக்கள் அனைவரும் மறு பக்கம் என்று எண்ணக்கூடும். வாக்குக் கணக்கு வேறு செய்தியைக் கூறுகின்றது. தமிழ்நாட்டில் வென்ற அணி பெற்றவை மொத்த வாக்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவே. தில்லியில் வென்றவர் பெற்றவை நூற்றுக்கு ஏறத்தாழ 54. தொகுதியில் மிகுதியான வாக்குப் பெற்ற ஒருவரே உறுப்பினராகும் முறை நம்முடையது. மற்றவர்க்கு விழுந்த வாக்குகள் இடங்களின் கணக்கில் தோன்றுவதில்லை. ஆகவே, மொழியையும் பிறந்த ஊரையும் கொண்டு அண்டை வீட்டாரின் வாக்கை ஊகிப்பது பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

அப்படியானால் சங்கத்தில் தேர்தலைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும். வாய்க்குப் பூட்டுப் போட்டால், அடக்கிய கசப்பு கைப்பேசிக் குழுக்களிலும் திண்ணைப் பேச்சிலும் வெளிப்படும். ஆனால் பேச்சுக்கு ஒரு முறை வேண்டும்.

முதலாவதாக, எவரையும் 'யாருக்கு வாக்களித்தீர்?' என்று கேளாதிருப்போம். அதைச் சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 94ஆம் பிரிவில் கூறுகின்றது. சட்டம் தரும் அக்காப்பை நம் கூடத்திலும் மதிப்போம்.

இரண்டாவதாக, கட்சிப் பெயர்களை விடுத்துக் காரியங்களைப் பேசுவோம். பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்க வழியுண்டா, குடியிருப்புக்குக் குடிநீர் ஒழுங்காக வருகின்றதா, ஊருக்குச் செல்லும் ரயிலில் இடம் கிடைக்கின்றதா என்பனவற்றில் இரு சாராருக்கும் கவலை ஒன்றே.

மூன்றாவதாக, இரு சாராரும் மதிக்கும் ஒருவரைத் தலைமை ஏற்கச் செய்வோம். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் போதும். மறுத்துப் பேச எழுபவர், முன்னவர் சொன்னதைத் தம் சொற்களில் எடுத்துரைத்து, 'இதுதானே தங்கள் கருத்து?' என்று கேட்டு, அவர் இசைந்த பின்னரே மறுக்க வேண்டும். இவ்வொரு விதியால் பாதிச் சண்டை அடங்கிவிடும்; ஏனெனில், பல வேளைகளில் நாம் மறுப்பது பிறர் சொல்லாத ஒன்றை.

நான்காவதாக, கூட்டம் கலையுமுன் ஒரு பொதுப்பணியை மேற்கொள்வோம். பிழைப்பை நாடி வந்த நம்மவர் பலரின் பெயர் இன்னும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கின்றது. தேர்தலன்று ஊர் செல்ல இயலாமையால் அவர்கள் வாக்கை இழக்கின்றனர். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயரைப் பதிவதே சட்டம் காட்டும் வழி. குடிமாறியோர்க்கு 8ஆம் எண் படிவம் உண்டு. அப்படிவத்தை நிரப்பித் தரும் மேசையில் இரு சாராரிலிருந்தும் ஒவ்வொருவர் அமரட்டும். எழுதப் படிக்க அறியாத கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இருவரும் சேர்ந்து உதவுகையில், அவர் யாருக்கு வாக்களிப்பார் என்று இருவரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த தேர்தலிலும் நம்முள் கருத்து வேற்றுமை இருக்கும், இருப்பதே இயல்பு. அதற்குள் நம் சங்கங்களில் இம்முறையைப் பழகிக்கொள்வோமாக.