பாசி எடுக்கும் கைக்கு என்ன பங்கு?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடி இந்த மும்பைக்கு வந்தவர்கள் நம்மில் பலர். ஆகவே, இறால் தீவனம் முதலாளிமார் சங்கதி என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இறாலில் என்ன வேலை என்றும் கேட்க வேண்டாம்!

இறால் பண்ணையில் செலவில் பாதி தீவனத்துக்கே போகிறது. அதற்கு மேல் நோய். 1994-95இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் ஆந்திரா, தமிழ்நாட்டுப் பண்ணைகளைத் துடைத்துப் போட்டது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. குளோராம்பெனிகால் போன்ற தடை செய்த மருந்தின் சுவடு தெரிந்தாலோ, ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துவிடும். அதனால்தான் பாசியின் பக்கம் கண் திரும்பியிருக்கிறது. நம் ஊரில் கட்டக்கோரை என்கிறோமே, அந்தப் பழுப்புப் பாசியில் ஃபியூகாய்டன் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தீவனத்தில் சிறிதளவு சேர்த்தால் இறாலின் எதிர்ப்புச் சக்தி கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பாசியை அளவு மீறிச் சேர்த்தால் வளர்ச்சி குன்றும். இது நோய் தீர்க்கும் மருந்தும் அல்ல. அப்படிச் சொல்லி விற்பவனை நம்பாதீர்கள்.

சரி, பாசியை எடுப்பவர் யார்? மன்னார் வளைகுடாவில் நம் தாய்மார்கள், சகோதரிகள். விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பறிக்கிறார்கள். 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. பாட்டி முங்கிய இடத்தில் பேத்தி முங்கினால் அத்துமீறல்!

மறுபக்கம் பாருங்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்கு மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2005இல் பாராளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் போட்டு, பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்தது. முதல் போட்டவனுக்கு ஒன்பதே ஆண்டில் சட்டம் வந்தது. பாசி எடுப்பவளுக்கு அப்படியொரு சட்டத்தை எந்தக் கட்சி கொண்டுவந்தது?

2023இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். வரவேற்கிறோம். ஆனால் பாசி கிலோக் கணக்கில் ஈரமாகக் கரையில் விலைபோய், தீவனச் சத்தாக டப்பாவில் ஏறும்போது நடுவில் உள்ள லாபம் யாருக்கு? உலர்த்துவதும் தூளாக்குவதும் கிராமத்துப் பெண்கள் குழுக்களிடமே இருக்க வேண்டும். தராசும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அரசுக்கு அனுப்பும் மனுவில் இவ்விரண்டையும் எழுதியிருக்கிறோம்.

ஊரோடு போனில் பேசுகிறவர்கள், வியாபாரி இப்போது கிலோவுக்கு என்ன தருகிறார், முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டிருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள். வரும் ஞாயிறு கையெழுத்துப் போட வரும்போது சொல்லுங்கள். மனுவோடு அதையும் சேர்த்துவிடுகிறோம்.