ஜிம்போச்சோ: வெயிலுக்கு முதுகு காட்டும் புத்தகத் தெரு

டோக்கியோ பயணத்துல ஒரு ஏரியாவுக்கு மட்டும் தனி எபிசோடு வேணும்னு எடுத்து வெச்சிருந்தேன். அதுதான் இன்னைக்கு. பேரு ஜிம்போச்சோ. மொரிசாகி புத்தகக் கடையைப் பத்தின அந்தச் சின்ன ஜப்பானிய நாவலைப் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். சதோஷி யாகிசாவா எழுதினது. ஜப்பான்ல 2010-ல் வந்தது, 2023-ல் ஆங்கிலத்துக்குப் போனது. அந்தக் கடை கற்பனை. ஆனா அந்தத் தெரு நிஜம்.

டோக்கியோ போற நம்ம ஐடி ஆளுங்க யாரும் அகிஹபாராவை விடமாட்டாங்க. அங்கிருந்து ஜிம்போச்சோவுக்கு அரை மணி நேரத்துக்குள்ள நடந்துடலாம். நான் அப்படித்தான் போனேன். நியான் போர்டும் கேம் சத்தமும் மெல்ல மெல்லக் குறைஞ்சு, யாசுகுனி தோரிங்கிற அகலமான சாலைக்கு வந்தா, நடைபாதை ஓரமா புத்தக ராக்குகள். 100 யென், 200 யென்னு எழுதி வெளியவே வெச்சிருக்காங்க. பக்கத்துல ஆள் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்னு பார்த்தா ஒரு விஷயம் புரியும். பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் சாலையோட தெற்குப் பக்கத்துலதான் இருக்கு. அதாவது, எல்லாக் கடைக்கும் வாசல் வடக்கு பார்த்து. காரணம் ரொம்ப எளிமை. வடக்கு வாசல்ல நேர் வெயில் விழாது. தாள் மஞ்சளாகாது, அட்டை வெளுக்காது. நம்ம ஊர்ல மனுஷனுக்கு வாஸ்து பார்ப்பாங்க. இங்க புத்தகத்துக்குப் பார்த்திருக்காங்க.

இந்தச் சுற்றுவட்டாரத்துல சுமார் 130 பழைய புத்தகக் கடைகள் இருக்கு. ஒரே பொருளை விக்கிற 130 பேர், தோளோடு தோள் ஒட்டி. இவங்க எப்படி ஒருத்தரை ஒருத்தர் அழிக்காம இருக்காங்க? நடக்க நடக்க எனக்குள்ள ஓடின கேள்வி இதுதான்.

முதல்ல வரலாறு. 1880-களில் இங்கே பக்கத்துல சட்டப் பள்ளிகள் வரிசையா வந்தன. இன்னைக்கு மெய்ஜி, சுவோ, நிஹோன்னு பெரிய பல்கலைக்கழகங்களா இருக்கிறதெல்லாம் அப்படி ஆரம்பிச்சதுதான். மாணவர்கள் இருந்தா பழைய புத்தகம் இருக்கும்: பரீட்சை முடிஞ்சா விப்பாங்க, அடுத்த பேட்ச் வாங்கும். ஜப்பானோட பெரிய பதிப்பகங்கள் சிலதும் இங்கே பழைய புத்தகக் கடையாத்தான் பிறந்தன. சான்செய்தோ 1881-ல். இவானாமி 1913-ல். பேரம் பேசுறதே வழக்கமா இருந்த காலத்துல, பழைய புத்தகத்துக்கு நிர்ணய விலை போட்டு வித்த கடை இவானாமி. அடுத்த வருஷமே நட்சுமே சோசெகியோட 'கொகோரோ'வை வெளியிட்டுப் பதிப்பகமாவும் ஆயிடுச்சு. 1923 பூகம்பத்துல இந்த ஏரியா எரிஞ்சு சாம்பலாச்சு. அதே இடத்துல திரும்பவும் கடைகள் எழும்பின.

இப்ப நடக்கலாம். ஓயா ஷோபோ, 1882-லிருந்து இருக்கிற கடை. எதோ காலத்து வரைபடங்கள், மரக்கட்டை அச்சு ஓவியங்கள். யாகுச்சி ஷோதென், முழுக்க சினிமாவும் நாடகமும். கட்டிடத்தோட பக்கவாட்டுச் சுவரே புத்தக அலமாரி. மெய்ரின்கான், அறிவியலும் பொறியியலும். உள்ளே ஒரு மணி நேரம் தொலைஞ்சு போனேன். உச்சியாமா, சீனா சம்பந்தப்பட்ட புத்தகங்கள். 1917-ல் ஷாங்காயில் ஆரம்பிச்ச கடை அது, எழுத்தாளர் லூ ஷுன்னுக்கு நெருக்கமான இடம். அதாவது, 130 கடையும் ஒரே பொருளை விக்கல. ஒவ்வொருத்தரும் ஒரு அலமாரி. தெருவே ஒரு கடை.

ஒரு கடையில மொழிபெயர்ப்பு ஆப்பைக் காட்டி, தமிழ் பத்தி ஏதாவது இருக்கான்னு கேட்டேன். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருத்தர். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கொஞ்சம் யோசிச்சார், தன் கடையில இல்லைன்னு தலையாட்டினார், ஒரு துண்டுத் தாள்ல வரைபடம் வரைஞ்சு, எத்தனாவது கடைன்னு விரல்ல காட்டி அனுப்பினார். போனேன். மொழியியல் கடை. தாளைப் பார்த்ததும் அங்கிருந்தவர் நேராப் போய் ஒரு சின்ன புத்தகத்தை எடுத்தார். ஓனோ சுசுமுவோட 'நிஹோன்கோ நோ கிகென்', 1994 புதிய பதிப்பு. ஜப்பானிய மொழியோட வேர் தமிழ்ல இருக்குன்னு வாதாடின அறிஞர் அவர். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கல, அதையும் சொல்லிடணும். ஆனா அதை வெளியிட்டது யார் தெரியுமா? அதே இவானாமி. ஒரு எழுத்து படிக்கத் தெரியாம வாங்கிட்டு வந்தேன்.

இங்கதான் என் வேலை ஞாபகம் வந்துச்சு. நான் ஒரு ஷாப்பிங் ஆப்ல ரெகமண்டேஷன் டீம்ல இருக்கேன். யூசர் எங்க ஆப்பை விட்டு வெளியே போனா அது எங்களுக்கு நஷ்டக் கணக்கு. அந்தப் பெரியவர் வாடிக்கையாளரைக் கைப்பிடிச்சு அடுத்த கடைக்கு அனுப்புறார். எங்க டாஷ்போர்டுல அவர் ஃபெயில்.

ஆனா அவருக்கு அது எப்படிக் கட்டுப்படியாகுது? பதில் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. டோக்கியோ கோஷோ கைக்கான், வியாபாரிகள் சங்கத்தோட கட்டிடம். வார நாட்கள்ல அங்கே வியாபாரிகளுக்கு மட்டும் சந்தை. ஒரு வீட்டுல மொத்தமா வாங்கின புத்தகங்கள்ல தன் துறை இல்லாததை ஒரு கடைக்காரர் அங்கே கொண்டு வருவார். வேணும்ங்கிறவங்க விலையைச் சீட்டுல எழுதி உறையில போடுவாங்க. சினிமா புத்தகம் சினிமாக்காரர்கிட்டப் போகும், வரைபடம் வரைபடக்காரர்கிட்டப் போகும். ஆன்லைன் வந்தப்பவும் இதே புத்திதான்: கடைகளோட பட்டியலையெல்லாம் சேர்த்துத் தேடுற தளத்தைச் சங்கமே நடத்துது. எங்க பாஷையில சொன்னா, முன்னாடி 130 கடை, பின்னாடி ஒரே பேக்கெண்ட். அதோட முதலாளி அந்தக் கடைக்காரர்களேதான்.

எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொல்ல வரல. சாலைச் சந்திப்புல இருந்த இவானாமி ஹால் சினிமா, 1974-ல் சத்யஜித் ரேயோட 'அபுர் சன்சார்' போட்டு கலைப்படத் திரையிடலைத் தொடங்கின இடம், 2022 ஜூலைல மூடிட்டாங்க. அதே வருஷம் மார்ச்ல 'பசாஜ்'னு ஒரு கடை திறந்தது. அங்கே யார் வேணும்னாலும் ஒரு தட்டை வாடகைக்கு எடுத்துத் தங்களோட புத்தகங்களை விக்கலாம். தட்டு வரிசைகளுக்கு பாரிஸ் தெருக்களோட பேர். 130 கடைங்கிற யோசனையை ஒரே அறைக்குள்ள சுருக்கின மாதிரி இருந்துச்சு. ஒண்ணு போனதுக்கு இன்னொண்ணு ஈடாகுமான்னா, இல்லை. ஆனா ஒரு கடை மூடும்போது அந்தப் புத்தகங்கள் போய்ச் சேர பக்கத்துலயே ஆள் இருக்காங்க. தனிக் கடைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

போறவங்களுக்கு சில டிப்ஸ். ஞாயிற்றுக்கிழமை நிறைய கடை லீவு, அதனால வார நாள் போங்க. சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஷட்டர் இறங்க ஆரம்பிச்சிடும். கையில ரொக்கம் வெச்சுக்கோங்க. அக்டோபர் கடைசியில போனா பழைய புத்தகத் திருவிழா. நடைபாதை முழுக்க அலமாரிதான். பசிச்சா கறி. இந்த ஏரியா கறிக்கும் பேர் போனது. ஒரு கையில புத்தகம், ஒரு கையில ஸ்பூன்னு காரணம் சொல்றாங்க. போன்டிங்கிற கடையில கறிக்கு முன்னாடியே ரெண்டு அவிச்ச உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வரும். நம்ம 'கறி' ஆங்கிலேயர் வழியா ஜப்பான் போய்ச் சேர்ந்த கதை இன்னொரு எபிசோடு. காபிக்கு 1955-லிருந்து இருக்கிற சபோரு.

உங்க ஊர்ல, தன்கிட்ட இல்லாததுக்குப் பக்கத்துக் கடையைக் கை காட்டுற தெரு எதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல நல்லதா நாலஞ்சைப் போடுறேன். பார்ப்போம் மக்களே.