கச்சான் காற்றுக்கு ஒரு ரோஜா

(மலையகத்திலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடமும், இங்கேயே குடியேறிய உறவினர்களிடமும் உவர்மலையில் ஆற்றிய உரை. பேசியவர் தோட்டத்தில் பிறந்து, இப்போது துறைமுகப் பகுதியில் பூந்தோட்ட வேலை செய்பவர்.)



கோணேசரைக் கும்பிட்டு, கடலையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் பசி வந்திருக்கும், நான் நீட்டமாட்டேன். ரோஜாச் செடியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பூவின் அழகைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு புது ரோஜாச் சாதியை எப்படி உண்டாக்குகிறார்கள், அதிலே நம்ம கைக்கு என்ன வேலை இருக்கு, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்கள் ஊரில் ரோஜாவுக்கு யாரும் பாடுபடத் தேவையில்லை. நுவரெலியாப் பக்கம் லயத்து வாசலில் ஒரு குச்சியை ஊன்றினால் போதும். ஹக்கலைப் பூங்காவில் எத்தனை வகை பூத்து நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். அதே செடியை லொறியில் ஏற்றி இங்கே கொண்டு வந்து வைத்தால் என்ன நடக்கும்? மார்கழி, தை மாதத்தில் பூக்கும். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கும். மேற்கேயிருந்து மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இங்கே காய்ந்த காற்றாக வருகிறதே, அதுதான். இலை கருகும். தேயிலையில் வருகிற சிவப்புச் சிலந்தியின் இனம்தான் ரோஜாவிலும் ஏறும். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் பலது உப்பு. ஆடி வரும்போது செடி சுள்ளி. பிழைத்தது ஏதாவது இருந்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் வேரில் தண்ணீர் நின்று அதுவும் போகும்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகள் பெருகின. வாசலுக்கு முழங்கால் உயரத்தில், அடர்த்தியாக, அடிக்கடி மருந்து கேட்காமல், வருஷம் முழுக்கப் பூக்கிற செடி வேண்டும் என்று கேட்கிறார்கள். ரோஜா என்றால் இன்னும் நல்லது என்கிறார்கள். அதற்காக மலையிலிருந்து செடி வாங்குகிறார்கள், அது சாகிறது, மறுபடி வாங்குகிறார்கள். குழி வெட்டுகிறவன் நம்ம பிள்ளை. அவனுக்கு நாள் கூலி. செத்த செடிக்குக் கொடுக்கிற காசு அவன் கூலியை விடப் பெரிது. எனக்கு மனசில் கிடந்து உறுத்துகிற கணக்கு இது.

சரி, வெயிலில் நிற்கிற ரோஜா ஏன் கிடைக்கவில்லை? இன்றைக்குக் கடையில் விற்கிற ரோஜாக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் குளிர்நாட்டுக்காரருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அங்கே உறைபனியில் சாகாமல் நிற்பதுதான் பரீட்சை. கச்சான் காற்றுப் பரீட்சையை அவற்றுக்கு யாரும் வைக்கவில்லை.

இதிலே நமக்கு நெருங்கிய ஒரு சங்கதி உண்டு. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். மாதாமாதம் பூக்கிற குணம் சீனாவிலிருந்து போன செடிகளால் வந்தது. 1800களின் தொடக்கத்தில் அப்படிப் போனவற்றில் ஒரு வகைக்குத் தேயிலை ரோஜா என்றே பெயர். பூவில் புதுத் தேயிலை வாசம் அடிக்கிறது என்றார்கள். அதன் மூதாதை ஒரு பெரிய காட்டுக் கொடி ரோஜா. மணிப்பூர், பர்மா, யுன்னான் மலைகளில் வளர்வது. தேயிலையின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தானே! ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த 1867ஆம் ஆண்டிலேதான், பிரான்சில் கியோ என்பவர் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை வெளியிட்டார். இன்று பூக்கடையில் நீளக் காம்போடு விற்கிற ரோஜாக் கூட்டத்துக்கு அதைத்தான் முதல் பிள்ளை என்கிறார்கள்.

இனி கொடைக்கானலுக்கு வருவோம். எம்.எஸ்.வீரராகவன் இந்திய ஆட்சிப் பணியில் பெரிய அதிகாரியாக இருந்தவர். அந்த உத்தியோகத்தைத் தானாக விட்டுவிட்டு, மனைவி கிரிஜாவோடு கொடைக்கானலில் குடியேறி ரோஜா உண்டாக்கத் தொடங்கினார். அவர் பிடித்த பிடி ஒன்றுதான்: சூடான நாட்டுக்கு ரோஜா வேண்டுமென்றால் சூடான நாட்டுக் காட்டு ரோஜாவின் இரத்தம் அதில் ஓட வேண்டும். அதற்கு அவர் எடுத்தவற்றில் ஒன்று மணிப்பூர்க் கொடி ரோஜா. இன்னொன்று 'ரோசா கிளினோபில்லா'. கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் ஆற்றோரம் வளர்கிற வெள்ளைக் காட்டு ரோஜா அது. மழைக்காலத்தில் வேர் தண்ணீருக்குள் நிற்கும், வெயில் காலத்தில் காயும், இரண்டுக்கும் சாகாது. நம்ம திருகோணமலைக் காலநிலையை யோசித்துப் பாருங்கள், அப்படியே பொருந்துகிறது இல்லையா?

அந்த இரத்தம் கலந்து அவர் உண்டாக்கிய ரோஜாக்களில் ஒன்று 'கேஞ்சஸ் மிஸ்ட்'. இன்னொரு ரோஜாவுக்கு ஈ.கே.ஜானகி அம்மாள் பெயரை வைத்தார். அந்த அம்மா 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் கரும்பையும் வேறு புல்லினங்களையும் கலந்து ஆராய்ந்த விஞ்ஞானி. படிக்கிற தங்கச்சிமார் இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டு ரோஜாவைக் கலந்தால் ஒரு தொல்லையும் வரும். பிள்ளை கொடியாக ஓடும், சிலது வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். அதைக் குட்டையான, அடிக்கடி பூக்கிற செடியோடு மறுபடி கலக்க வேண்டும். அதன் பிள்ளையை இன்னொன்றோடு. தலைமுறை தலைமுறையாகப் போகிற வேலை.

குட்டைச் செடி என்றதும் இன்னொரு கதை. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் பெம்பர்டன் என்ற பாதிரியார் ரோஜா உண்டாக்கி வந்தார். 1926இல் இறந்துபோனார். அவரிடம் தோட்ட வேலை செய்த ஜான் பெண்டலும் அவர் மனைவி ஆனும் அந்த வேலையைக் கைவிடவில்லை. 1932இல் அவர்கள் கொடுத்தது 'த ஃபேரி'. தாழ்வாகப் படர்ந்து, சின்னச் சின்ன ரோஸ் நிறப் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூந்தோட்டங்களுக்கு இன்றைக்கும் அதை வாங்குகிறார்கள். 1937இல் 'பாலரீனா'வும் அவர்களிடமிருந்தே வந்தது. பெரிய பட்டம் பெற்றவர்கள் இல்லை, தோட்டக்காரர் குடும்பம். நான் இதை வேணுமென்றேதான் சொல்கிறேன்.

வேலை எப்படி என்று கேட்பீர்கள். தாய்ச்செடியில் நாளைக்கு விரியப் போகிற மொட்டைப் பிடித்து, இதழ்களையும் உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். கடதாசிப் பையால் மூட வேண்டும். மறுநாள் சூல்முடி பிசுபிசுப்பாக இருக்கும்போது, தகப்பன் செடியின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் தடவி, தாய் பெயரும் தகப்பன் பெயரும் எழுதிய துண்டு கட்ட வேண்டும். எழுதாவிட்டால் எல்லாம் வீண். காய் பழுக்க மூன்று நான்கு மாதம். விதையை ஈர மணலோடு சில வாரம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து விதைத்தால் கொஞ்சம் முளைக்கும், மிச்சம் முளைக்காது.

முளைத்தது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. இதை உங்களுக்கு விளக்கவே தேவையில்லை. விதைத் தேயிலை மலையில் பக்கத்துப் பக்கத்துச் செடி ஒரே மாதிரியா இருக்கு? ஒன்று கொழுந்து கொட்டும், ஒன்று சவளும். அந்த மாதிரி மலைகளிலிருந்து நல்ல செடியைத் தேடிப் பிடித்தும், நல்லதும் நல்லதும் கலந்தும், அதன் துண்டை வெட்டிப் பெருக்கியதுதான் வீ.பீ. தேயிலை. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025ஆம் இலக்கத் தேயிலையை அறியாத கை இங்கே இருக்காது. ரோஜாவிலும் அதே சூத்திரம்தான்: விதையில் தேடு, துண்டில் பெருக்கு.

தேடுகிறதுதான் கடினம், ஏனென்றால் அது தூக்கி எறிகிற வேலை. ஆயிரம் நாற்று முளைத்தால் ஒன்றிரண்டு மிஞ்சலாம், ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர் கரும்புள்ளி நோய் விழுந்த இலைகளைச் சேர்த்துக் காயவைத்துப் பொடியாக்கி, தன்னுடைய நாற்றுகள் மேலேயே தூவினார். மேலிருந்து தண்ணீரும் தெளித்தார், நோய் நன்றாகப் பிடிக்கட்டும் என்று! பிடித்தது எல்லாம் குப்பைக்குப் போனது. பிடிக்காமல் நின்ற வம்சத்தில் வந்ததுதான் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாக் அவுட்' ரோஜா. அமெரிக்காவில் தெருவோரமெல்லாம் அது. ஆனால் ஒரே சாதியைக் கண்ட இடமெல்லாம் நட்டதால், ஒரு சின்னப் பூச்சி பரப்புகிற ரோசெட் என்ற வைரஸ் வந்தபோது அதுவும் மாட்டிக்கொண்டது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்து தேயிலையைப் படுத்திய பாட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ராட்லர் நோயை வைத்துச் சோதித்தார். நாம் இங்கே கச்சானை வைத்துச் சோதிக்க வேண்டும். நாற்றை நிழலில் செல்லமாக வளர்த்துவிட்டு நல்ல செடி என்று சொல்லக்கூடாது. முதல் வருஷம் வேர் பிடிக்க விடுங்கள். இரண்டாம் வருஷம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் வெளியில், காற்றில், ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் நிற்கட்டும். பிறகு கார்த்திகை மழையில் நிற்கட்டும். கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, அடியிலிருந்து பல கிளை வெடித்து, இரண்டையும் தாண்டி நிற்பதைக் குறித்து வையுங்கள். பூ சின்னதாக இருந்தால் பரவாயில்லை. பெரிய பூவுக்கு ஆசைப்பட்டுச் சவளைச் செடியைக் காப்பாற்றாதீர்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மகரந்தம் தடவிய நாளிலிருந்து விற்கத் தகுந்த ஒரு சாதி கையில் வர எட்டு, பத்து வருஷம் ஆகும். இதை நம்பிப் பேர் போடுகிற வேலையை யாரும் விட்டுவிடாதீர்கள். வீட்டு அடுப்பு அதில் எரியாது.

அடுப்புக்கு வேறு வழி இருக்கு. திருகோணமலையில் பழைய வளவுகளில் யாரும் கவனிக்காமல் பல வருஷமாக நிற்கிற ரோஜாச் செடிகள் அங்கங்கே உண்டு. பெயர் தெரியாது, ஆனால் கச்சானுக்குத் தப்பியவை. வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு துண்டு வாங்குங்கள். ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரில் வளர்த்துப் பார்த்தால் குட்டைச் செடிகளுக்கு அதுவே நல்லது; கீழேயிருந்து காட்டு வேர் தளிர்த்துத் தொல்லை தராது. தவரணையில் துண்டு வெட்டி, பையில் நட்டு, நிழல் போட்டு, ஈரம் காத்துப் பழகிய அக்காமாருக்கு இதை ஒரு நாளில் காட்டிவிடலாம். அந்தச் செடியை விற்றால் காசு இந்த வருஷமே வரும். புதுச் சாதிக்குத் தாய்ச்செடியும் அதிலிருந்தே கிடைக்கும்.

1977க்குப் பிறகு மலையிலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய நம்ம ஆட்கள் இங்கே நிறைய. கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. விடுதிக்காரரிடம் போய்க் "குழி வெட்ட ஆள் வேண்டுமா" என்று கேட்டால் நாள் கூலிதான். "ஆடி மாதம் தாண்டி நிற்கிற செடி என்னிடம் இருக்கு, வேண்டுமா" என்று கேட்டால் விலையை நீங்கள் சொல்லலாம்.

வெளியே வேப்பமரத்தடியில் நாற்பது பையும் மண்ணும் வைத்திருக்கிறேன். செடியும் இருக்கு. பென்சில் பருமன் கிளையாகப் பாருங்கள், பூத்து முடிந்த கிளைதான் வேண்டும். அம்மாமார் முதலில் வாங்க.